பட்டன் கடையின் போன் நம்பர்

ஜனவரி 9

அக்காவுக்கு,

முதலில் சட்டம் பேசிவிடுவோம். போன ஜூலையில் கடை வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நீ சொன்னது, "இனிமே உன் குரலையே கேக்க மாட்டேன்" என்பதுதான். கையெழுத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்து இந்த ஓட்டையைக் கண்டுபிடித்தேன். பட்டன் விற்கிறவனுக்கு ஓட்டை தெரியாமல் போகுமா?

அன்றைக்கு அந்த ரெடிமேட் கடைக்காரர் முன்னால் நான் சொன்ன வாக்கியத்தைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. தாள் சின்னது.

கடைச் சமாச்சாரம் சொல்கிறேன். நேற்று கடைக்குள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வழி கேட்டார். ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். மூன்றாவது ஆள் நான்தான், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். கதவு மணி அடித்தது, யாரோ வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்ப்பதற்குத்தான் உள்ளே யாரும் இல்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் காதுக்கு மெஷின் வாங்கினார். நாலு நாள் மாட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இவ்ளோ வருஷமா வீட்ல இதைத்தான் சொல்லிட்டிருந்தாங்களா?" என்கிறார். அதனால் நான் பேசுவதில் பாதிதான் அவருக்குப் போகிறது. மீதிப் பாதியை நானே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயம். ஆன்லைனில் கடை போடலாம் என்று முடிவெடுத்திருக்கிறேன். கையில் இருப்பது ஒரு சுமாரான சைக்கிள் வாங்குகிற காசு. கியர் வைத்தது இல்லை.

வெப்சைட் செய்து தருகிற ஒருவரைப் பிடித்தேன். எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார், அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டேன். 'ஒரு நிமிஷம்' கேட்ட முதல் கேள்வி, "சைட்ல எத்தனை பட்டன் வரும் சார்?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "நாலாயிரத்துச் சொச்சம்" என்றேன். மனிதர் வெளுத்துப்போனார். அரை மணி நேரம் எதையோ கூட்டிக் கழித்து ஒரு தொகை எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகைக்கு இந்தத் தெருவையே வாங்கி மூடிவிடலாம். அவர் கேட்டது திரையில் அமுக்குகிற பட்டன், 'வாங்கு', 'கூடையில் போடு' என்று இருக்குமே, அது. நான் சொன்னது சட்டையில் தைக்கிற பட்டன். விஷயம் தெரிந்த பிறகும் தொகையைக் குறைக்கவில்லை. "எழுதிட்டேன் சார்" என்கிறார்.

அவரை விட்டால் வேறு வழிகளும் இருக்கின்றன. பெரிய ஆன்லைன் சந்தை ஒன்றில் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். இடம் இலவசம், விற்பதில் அவர்களுக்குப் பங்கு. ஆனால் அங்கே பட்டன் என்று தேடினால் முதலில் முந்நூறு சட்டை வருகிறது. இல்லையென்றால் மாத வாடகைக்குத் தயாராகக் கட்டி வைத்த ஆன்லைன் கடை. ஷட்டர், கல்லா, பில் எல்லாம் அவர்களுடையது, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை. அதுவும் வேண்டாமென்றால் இலவச மென்பொருளை எடுத்து நாமே நிறுவிக்கொள்வது. சொந்த வீடு மாதிரி. கூரை ஒழுகினால் நானேதான் ஏற வேண்டும். நான் ஸ்டூலில் ஏறின லட்சணம் உனக்குத் தெரியும்.

எது என்று நீ சொல். கடை என் பேரில் இருக்கிறது, மூளை உன் பேரில் இருக்கிறது.

உன் தம்பி
(கையெழுத்து மட்டும்)


ஜனவரி 21

தம்பிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கலை. குப்பைத்தொட்டி நிரம்பியிருந்தது.

பதில் எழுதறேன்னு சமாதானம்னு நினைச்சுக்காதே. கடை விஷயம் கேட்டே, கடை விஷயம் மட்டும் சொல்றேன்.

பாப்பாகிட்ட விசாரிச்சேன். உன் பேரைச் சொல்லலை. "தெரிஞ்ச ஒருத்தர், கொஞ்சம் மந்தமான ஆள்"னுதான் சொன்னேன். "மாமாவா?"ன்னு உடனே கேட்டுட்டா. என் பொண்ணு கெட்டிக்காரி.

அவ சொன்னதை அப்படியே எழுதறேன். யாருக்கும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடையோட இணைய முகவரியை நம்ம பேர்ல வாங்கிடணும். அந்த 'ஒரு நிமிஷம்' ஆள் அவர் பேர்ல வாங்கிட்டா, அப்புறம் உன் கடைக்கு நீயே அவர்கிட்ட போய் நிக்கணும். வாடகைக் கடையில மொத்த வருஷத்துக்கும் முன்கூட்டியே கட்டினா சலுகைன்னு சொல்வாங்க, கட்டாதே. ரெண்டு வாரம் சும்மா குடுப்பாங்க, அதுல பழகிப் பார். பெரிய சந்தை உனக்கு ஆகாது. ஒரு பட்டனை அனுப்பற கூரியர் காசுல ஒரு டப்பா பட்டன் வாங்கலாம். அதை யார் வாங்குவாங்க?

இதுக்கெல்லாம் முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம கடைக்குள்ள வர்றவங்க கண்ணாடி மேஜைகிட்ட வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க? இருபத்தாறு வருஷமா அதே மேஜைக்குப் பின்னாடிதான் நிக்கறே. யோசிச்சு எழுது. உனக்கு ஞாபகம் வராது. நீ அப்ப ஜோக் சொல்லிட்டிருந்திருப்பே.

இங்க எல்லாரும் சௌக்கியம். பாப்பாவும் மாப்பிள்ளையும் எட்டுக்குக் கிளம்பினா ஏழுக்கு வருவாங்க. இது எட்டாவது மாடி. லிஃப்ட்ல ஒரு பொம்பளை குரல் மாடி நம்பர் சொல்லுது. நல்ல தெளிவான உச்சரிப்பு.

அக்கா


ஜனவரி 30

அக்காவுக்கு,

நீ சொன்னபடி வாடகைக் கடையில் ரெண்டு வாரம் இலவசமாகக் குடியேறினேன். புது வீட்டில் முதல் நாளே சண்டை. சும்மா குடியிருப்பவர்கள் இருபத்தைந்து பொருள்தான் வைக்கலாமாம். நம்மிடம் நாலாயிரம். இருபத்தைந்தை எப்படிப் பொறுக்குவது? பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு குழம்பியதில்லை. அங்கே குழம்புகிற வேலையை அவர்களே செய்துவிட்டார்கள், நான் வந்த வழியே திரும்பி வந்தேன்.

படம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் என் கட்டைவிரல் தெளிவாக வந்திருக்கிறது. பட்டன் அதற்குப் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிறது. யாராவது கட்டைவிரல் வாங்குவதாக இருந்தால் இன்றைக்கே தொழில் சூடு பிடிக்கும்.

அடுத்தது பெயர். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் கேட்டது. நான் டிராயர் மேல் நீ ஒட்டி வைத்த சீட்டைப் பார்த்து அப்படியே அடித்தேன். 'மாமியார் முறைப்பு'. 'வாத்தியார் கோட்டு'. 'அழுதுட்டு சிரிச்சது'. அப்புறம் அந்த வெள்ளி மாதிரி மின்னுகிற பிளாஸ்டிக் பட்டன் டிராயரில் நீ 'நம்பாதே' என்று எழுதியிருக்கிறாய் அல்லவா, அதையும் அடித்தேன். கடையின் முகப்பில் முதல் பொருளாக அதுதான் வந்து உட்கார்ந்தது. கடைப் பெயருக்கு நேர் கீழே, கொட்டை எழுத்தில், 'நம்பாதே'.

இதுவரை கடைக்கு வந்த ஒரே விசாரணை இது: "உங்கள் கடை நிஜமான கடைதானா?"

இருபத்தாறு வருஷமாக இந்தச் சீட்டுகளைப் பார்க்கிறேன், அர்த்தம் கேட்டதே இல்லை. நீ எட்டி எடுத்துக் கொடுப்பாய், நான் காகிதத்தில் மடித்துக் கொடுப்பேன். இப்போது நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேற்று மேல் வரிசையில் கடைசியில் ஒரு டிராயர் கண்டேன். சீட்டில் 'தம்பி' என்று இருக்கிறது. உள்ளே ஏழெட்டுப் பெரிய பட்டன்கள். தங்கக் கலர். யாரும் கேட்டு வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அது என்ன?

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: உள்ளே வந்ததும் முதலில் கதவை மூடுவார்கள். சரியா?

தம்பி


பிப்ரவரி 10

தம்பிக்கு,

தப்பு. பாதிப் பேர் கதவை மூடறதே இல்ல, நான்தான் போய் மூடுவேன்.

முதல்ல கையை விரிப்பாங்க. உள்ளங்கையில ஒரு பட்டன் இருக்கும். பிய்ஞ்சு போனது போக மிச்சமிருக்கறது. "இது மாதிரி இன்னொண்ணு"ம்பாங்க. பட்டன் வேணும்னு யாரும் நம்ம கடைக்கு வந்ததில்ல. காணாமப்போன பட்டன் வேணும்னுதான் வந்திருக்காங்க. நாம விக்கறது பட்டன் இல்ல, ஜோடி.

அதனால உனக்கு நாலாயிரம் பொருளும் வேண்டாம், இருபத்தஞ்சும் வேண்டாம். ஒரே பக்கம் போதும். மேல ஒரு வரி: 'மிச்சமிருக்கும் பட்டனைப் படம் எடுத்து அனுப்புங்கள், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள்.' கீழ படம் அனுப்ப ஒரு இடம், பேரு, விலாசம். நீ டிராயர்ல தேடி, கிடைச்சா விலை சொல்லு. காசு வந்ததும் சாதாரணத் தபால் கவர்ல அட்டையில குத்தி அனுப்பு. கூடை, கல்லா, ஷட்டர் எதுவும் வேண்டாம். இந்த மாதிரி ஒத்தைப் பக்கம் செய்ய இலவசமாவே இடம் இருக்குன்னு பாப்பா சொல்றா. முகவரிக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை காசு. உன் சைக்கிள்ல ஒரு சக்கரம்கூட செலவாகாது.

டிராயர் விவரம் தனித்தாள்ல எழுதியிருக்கேன். நாலு பக்கம். பாத்து முடிச்சதும் கசக்கிப் போடாதே, மறுபடி எழுத மாட்டேன்.

'தம்பி' டிராயர் என்னன்னு கேட்டே. அந்தப் பட்டன் சட்டையில அறுக்கற எந்தக் காஜா ஓட்டையிலயும் நுழையாது. பெருசு, பளபளப்பு, ஒரு உபயோகமும் இல்ல. ஆனா தூக்கிப்போட மனசு வராது. எடுத்து எடுத்துப் பாத்துட்டு மறுபடி உள்ளயே வெச்சிருக்கேன்.

உன் தாள் சின்னது. என் தாள் பெருசு, அதனால நானே எழுதறேன். அந்த ரெடிமேட் கடைக்காரர் நம்ம கடை இடத்தைக் குடுத்துடுங்கன்னு கேட்டு வந்தார். குடுத்துடலாம்னு நான் சொன்னேன். என் கருத்து தப்பா இருக்கலாம். அதுக்கு நீ அவர் பக்கம் திரும்பி, "இவங்க கடையில வேலை பாக்கறவங்க, நீங்க என்கிட்ட பேசுங்க"ன்னே. அப்பா கடையை உன் பேர்ல எழுதினப்பகூட எனக்கு ஒண்ணும் தோணலை. அன்னிக்குத்தான் தோணிச்சு.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கடை திறந்தாகிவிட்டது. பெயர் 'மிச்சப் பட்டன்'. ஒரே பக்கம். நீ சொன்ன அதே வரி. நானே செய்தேன். 'ஒரு நிமிஷம்' தெருவில் என்னைப் பார்த்து, "எத்தனை நாள் ஆச்சு சார்?" என்று கேட்டார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நான் வெளியே நடந்தேன். ஏற்கெனவே வெளியேதான் இருந்தேன். இருந்தாலும் திருப்தியாக இருந்தது.

பக்கத்தைத் திறப்பதற்கு முன் ஒரு படிவம் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பின்கோடு, போன் நம்பர், என்னென்னவோ கேட்டது. எதையும் எடுத்துப் பார்க்காமல் மனப்பாடமாக அடித்தேன். இந்த வயதிலும் ஞாபக சக்தி அபாரம். ஒரே ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாளே இரண்டு படம் வந்தது. ஒன்று உன் 'அழுதுட்டு சிரிச்சது', உடனே தெரிந்துவிட்டது. இன்னொன்றில் பட்டனே இல்லை, நாணயம் மட்டும் இருக்கிறது. மிச்சம்கூட மிஞ்சாத கேஸ் போல.

உன் நாலு பக்கத்தையும் கண்ணாடி மேஜைக்குக் கீழே வைத்திருக்கிறேன். கசங்காது. உன் கடைசிப் பத்தியையும் படித்தேன். பல தடவை படித்தேன். அதைப் பற்றி

தையல்காரர் கூப்பிடுகிறார், போய் வருகிறேன்.

தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

உன் ஞாபக சக்தியில இடி விழ.

போன வியாழக்கிழமை காலையில பத்தேகாலுக்கு போன் வந்தது. தெரியாத நம்பர். "ஹலோ, பட்டன் கடையா?"ன்னு ஒரு ஆம்பளை. ராங் நம்பர்னு வெச்சேன். மறுபடி அடிச்சான். "வெப்சைட்ல இந்த நம்பர்தாங்க போட்டிருக்கு"ன்னான். பாத்தா என் நம்பர். பாப்பா போன்ல திறந்து காட்டினா, காட்டிட்டு வயித்தைப் பிடிச்சுட்டு சிரிக்கறா.

இதுவரைக்கும் பதினோரு பேர். நான் குளிக்கப் போகணுமா வேண்டாமா?

அந்த முதல் ஆளுக்கு மறுநாள் இன்டர்வியூ. கோட்டுல நடுப் பட்டன் போயிடுச்சாம், தபால்ல எப்ப வரும்னு கேட்டான். உள்பக்கம் தையல்ல பாரு, ஒரு உபரிப் பட்டன் தெச்சிருப்பாங்க, அதைப் பிச்சு தெச்சுக்கோன்னு சொன்னேன். பாத்துட்டு, "ஆமாங்க்கா, இருக்கு"ன்னு கத்தினான். உனக்கு ஒரு வியாபாரம் போச்சு. நல்லா வேணும்.

பச்சைக் கோட்டுக்குப் பட்டன் தேடற அம்மா ஒருத்தங்க. அவங்க பட்டன்ல அரக்கு மாதிரி ஒரு கோடு ஓடுதாம். எத்தனை ஓட்டைன்னு கேட்டேன். எழுந்து போய் அலமாரி திறந்து பாத்துட்டு வந்து சொன்னாங்க. ரெண்டு ஓட்டைன்னா அது 'வாத்தியார் கோட்டு'க்குப் பக்கத்து டிராயர்ல இருக்கும், கீழ இருந்து மூணாவது. அந்தக் கோட்டை எங்க வாங்கினாங்க, யாரோட போய் வாங்கினாங்க எல்லாம் சொன்னாங்க. அவர் இப்ப இல்லையாம். இருபத்தஞ்சு நிமிஷம் பேசினாங்க. வியாழக்கிழமை மறுபடி பண்றேன்னு சொல்லி வெச்சிருக்காங்க.

நான் என்ன உன் கடையில வேலை பாக்கறவளா? சம்பளம் இல்லாம?

உடனே மாத்து.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

மன்னித்துவிடு. மாற்றிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த அரை மணி நேரத்தில் மாற்றினேன்.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். படிவம் போன் நம்பர் கேட்டது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் உலகத்திலேயே ஒன்றுதான். என் நம்பரை நான் எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும், எனக்கு நானேவா போன் பண்ணிக்கொள்ளப் போகிறேன்? விரல் பாட்டுக்கு அடித்துவிட்டது. ஜூலையிலிருந்து அடித்து அடித்து விரலுக்கே பழகிப்போயிருந்தது. நீ எடுக்கவில்லை என்றாலும் மணி போகிற சத்தம் கேட்கும். அது என் குரல் இல்லையே.

என் நம்பர் எதுவென்று தையல்காரரிடம் கேட்டுத்தான் போட்டேன். அதையும் அவர் மூன்று தடவை கத்திச் சொன்னார். இப்போது தெருவுக்கே மனப்பாடம்.

இனி உனக்குத் தொந்தரவு இருக்காது.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

தொந்தரவு இல்ல. சௌகரியமா இருக்கு.

சில விஷயம் விசாரிக்கத்தான் எழுதறேன். அந்த இன்டர்வியூ ஆளுக்கு வேலை கிடைச்சுதா? பச்சைக் கோட்டு அம்மா உன் நம்பருக்குப் பண்ணினாங்களா? கீழ இருந்து மூணாவது டிராயர்னு சொன்னேன், எடுத்தியா? அரக்குக் கோடு ரெண்டு தினுசு இருக்கு, இருட்டுல பாத்தா ஒண்ணு மாதிரியே இருக்கும். ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாத்தியா? வியாழக்கிழமை அவங்க பண்ணும்போது நீ ஜோக் கீக் சொல்லி வைக்காதே. அவங்க கேக்கற மனநிலையில இல்ல.

போனை இப்பல்லாம் சத்தம் போடற மாதிரியே வெச்சிருக்கேன். குளிக்கப் போகும்போது ஜன்னல் ஓரத்துல வெச்சுட்டுப் போறேன். பழகிடுச்சு, அவ்ளோதான். நேத்து அடிச்சுது. ஓடி வந்தேன். வாஷிங் மெஷின், துணி முடிஞ்சுதுன்னு கூப்பிடுது.

நம்பரை மாத்தச் சொன்னது நான்தான். திருப்பிப் போடச் சொல்லலை. நான் வேலைக்காரியா போன் எடுக்க மாட்டேன். வேற எதுவாவும் எடுக்கறதுக்கு எனக்கு அங்க ஒரு பேரும் இல்ல. அதை நீதான் யோசிக்கணும். இந்தத் தடவை தையல்காரர் கூப்பிட்டா, அப்புறம் வர்றேன்னு சொல்லு.

அக்கா


ஏப்ரல் 11

அக்காவுக்கு,

தையல்காரர் கூப்பிடுகிறார். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்டர்வியூ ஆளுக்கு வேலை கிடைத்துவிட்டது. சொல்வதற்காகப் போன் செய்தார். "அந்த அக்கா இல்லீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சரி, அவங்க இருக்கும்போது மறுபடி பண்றேன்" என்று வைத்துவிட்டார். பச்சைக் கோட்டு அம்மாவும் வியாழக்கிழமை பண்ணினார்கள். அவர்களும் அதையேதான் கேட்டார்கள். பட்டனை ஜன்னலில் பார்த்துத்தான் எடுத்தேன், பொருந்திவிட்டது. ஜோக் சொல்லவில்லை. சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள். இந்த நாலு வாரத்தில் ஒன்பது பேர் அக்கா இல்லையா என்று கேட்டுவிட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். நான் யாரிடம் போன் செய்து கேட்பது?

நேற்று அந்த ரெடிமேட் கடைக்குப் போனேன். அவர் முன்னால் சொன்னதை அவர் முன்னால்தான் திருப்பி வாங்க வேண்டும் என்று தோன்றியது. வரிசையில் நின்று, என் முறை வந்ததும் சொன்னேன். "போன வருஷம் நீங்க வந்தப்ப, அவங்க கடையில வேலை பாக்கறவங்கன்னு சொன்னேன். அது பொய். கடையே அவங்கதான். நான்தான் அங்க வேலை பாக்கறேன், அதையும் சரியாப் பாக்கறதில்ல." அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்தக் கடை சார்?" என்றார்.

அவருக்கு நானும் ஞாபகம் இல்லை, நீயும் ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று பில் கேட்டாள். நான் வெளியே வந்துவிட்டேன். ஒன்பது மாதமாக நீ எட்டாவது மாடியிலும் நான் இங்கேயும் உட்கார்ந்து கட்டிக் காத்த வாக்கியம், அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. உன் காதில் மட்டும்தான் விழுந்தது. அதற்காகத்தான் சொன்னேனோ என்னவோ. கொடுத்துவிடலாம் என்று நீ சொன்னதில் நியாயம் இருந்தது, மறுக்க வழியில்லாமல்தான் நான் அப்படித் திரும்பினேன். தப்பு. மன்னித்துக்கொள்.

படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன் என்று எழுதினேனே, அது 'உரிமையாளர்'. என் பெயரை அடிக்க விரல் வரவில்லை. உன் பெயரை அடிக்கத் தைரியம் வரவில்லை. தினமும் சிவப்பில் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை உன் பெயரை அடித்தேன். கீழே 'ஊழியர்' என்று இன்னொரு கட்டம் இருந்தது, அதில் நான். ஏற்றுக்கொண்டதாகப் பச்சையில் வந்தது. வெளியில் மாட்டியிருக்கும் பலகைக்கும் பெயிண்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

பதினேழாம் தேதி காலை பதினொரு மணிக்கு உன் நம்பரைப் பழையபடி போட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் அதற்குள் ஒரு வரி எழுது. போட்ட பிறகு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அடித்துப் பார்ப்பேன். பேச மாட்டேன். உன் சட்டம் எனக்குத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

பதினேழாம் தேதி பதினொண்ணு அஞ்சுக்கு போன் அடிச்சுது. பத்தரைக்கே குளிச்சாச்சு.

எடுத்து, "மிச்சப் பட்டன்"னு சொன்னேன். அந்தப் பக்கம் ஒருத்தரும் பேசலை. மூச்சு மட்டும் கேட்டுது. இடது மூக்கு அடைச்ச மூச்சு. உனக்கு ஏப்ரல்ல எப்பவும் அப்படித்தான், ஆவி பிடின்னா பிடிக்க மாட்டே.

நான் வெக்கலை. நீயும் வெக்கலை. எவ்ளோ நேரம்னு தெரியலை. அப்புறம் பின்னாடி கடை மணி அடிச்சுது. யாரோ உள்ள வந்தாங்க. "சார்"னாங்க. மறுபடி "சார், இது மாதிரி இன்னொண்ணு வேணும்"னாங்க. நீ வாயைத் திறக்கலை. எனக்குக் குடுத்த வாக்குக்காக, வந்தவங்களைக்கூட வாங்கன்னு சொல்லாம மரம் மாதிரி நின்னிருக்கே. இருபத்தாறு வருஷத்துல உன் வாய் மூடியிருந்து நான் பாத்ததில்ல. அதை நேர்ல பாக்கக் குடுத்து வெக்கலை.

"போய் கவனி, அவங்க கை விரிச்சுட்டு நிப்பாங்க"ன்னு நான்தான் சொன்னேன். அப்புறம்தான் வெச்சே.

பாப்பாகிட்ட எதுவும் சொல்லலை. சாயங்காலம் வந்து, "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கே"ன்னா. லிஃப்ட் ரிப்பேர், படியேறி வந்தேன்னு சொல்லிட்டேன். எட்டு மாடி ஏறினா மூஞ்சி அப்படித்தான் இருக்கும்னு நம்பிட்டா.

டிராயர் சீட்டெல்லாம் பழசாயிருக்கும். புதுசா எழுதி அடுத்த கடிதத்துல வெக்கறேன். 'தம்பி' சீட்டை மட்டும் மாத்தாதே.

சட்டம் பேசினியே, எனக்கும் பேசத் தெரியும். உன் குரலைக் கேக்க மாட்டேன்னு சொன்னேன். வாக்கு வாக்குதான், அதை வாபஸ் வாங்கற உத்தேசம் இல்ல. ஆனா கடைக்குப் போன் பண்ணி பட்டன் கேக்கறவங்க குரலைக் கேக்க மாட்டேன்னு எங்கயும் சொல்லலை. அதுல யாரு எவருன்னு நான் பாக்கறதில்ல.

அதனால அடுத்த தடவை ஹலோ சொல்லாதே, அக்கான்னு கூப்பிடாதே. எத்தனை ஓட்டைன்னு சொல்லி ஆரம்பி.

வியாழக்கிழமை மட்டும் பதினொரு மணிக்கு வேண்டாம். அது பச்சைக் கோட்டு அம்மா நேரம்.

அக்கா
(உரிமையாளர்)